பந்தயக் காரும் 15 அம்பியரும்



வீட்டு வரவு செலவு பற்றிய சென்ற மாத நிகழ்ச்சியின்போது ஸ்காபரோவிலிருந்து ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். அவருடைய மகன் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் கார்ப் பந்தய சிமுலேற்றர் ஒன்றை வாங்கிப் பேஸ்மென்ரில் பூட்டியிருக்கிறார். இருக்கை, ஸ்ரியறிங், பெடல்கள், மூன்று திரைகள். அதோடு இருக்கையைத் தூக்கி ஆட்டுவதற்கு நான்கு மோட்டார்கள். முதல் 20 நிமிடம் நன்றாக ஓடுமாம். பிறகு பிரேக்கர் விழுந்துவிடுமாம். அடுத்த அறையில் இருக்கும் அம்மம்மாவின் லைற்றும் ஹீற்றரும் அதோடு சேர்ந்து அணைந்துவிடுமாம். "தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். 15 அம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 20 அம்பியர் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். போடலாமா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

நேரம் முடியும் தறுவாயில் வந்த கேள்வி என்பதால் "தயவுசெய்து போடவேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். காரணத்தையும் மாற்றுவழியையும் எழுத்தில் தரும்படி வேறு சில நேயர்களும் கேட்டிருந்தார்கள். நான் கணக்காளன், மின்பொறியியலாளன் அல்ல. ஆனால் இந்த விடயத்தில் முக்கால்வாசி கூட்டல், பெருக்கல்தான். வயரைத் தொடும் வேலை உரிமம் பெற்றவர்களுடையது; கணக்குப் பார்க்கும் வேலை நம்முடையது.

இது என்ன இயந்திரம்?

சினிப்பிளெக்ஸ் தியேட்டர்களில் படத்துக்கு ஏற்றபடி அசையும் டி-பொக்ஸ் நாற்காலிகளில் சிலர் இருந்திருப்பீர்கள். அந்த டி-பொக்ஸ் கியூபெக் மாகாணத்து லோங்கேய் நகரைச் சேர்ந்த நிறுவனம். அதே வகைத் தொழில்நுட்பம்தான் இப்போது வீடுகளுக்கும் வந்திருக்கிறது. 2020இல் கொவிட் முடக்கத்தில் மைதானங்கள் மூடிக்கிடந்தபோது போர்முலா 1 அமைப்பே மெய்நிகர் பந்தயங்களை நடத்தியது. சாரதிகள் தங்கள் வீடுகளில் இருந்தபடி ஓட்டினார்கள். அதன்பின் இளைஞரிடையே இந்த ஆர்வம் நன்றாகவே கூடியது.

இருக்கை பூட்டிய இரும்பு அல்லது அலுமினியச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் மோட்டாருடன் கூடிய திருகுத் தண்டுகள் இருக்கும். கார் பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழும். வளைவில் ஒருபக்கம் சாயும். இந்த நான்கு மோட்டார்கள்தான் சாதாரண கணினி விளையாட்டை ஒரு சமையலறைச் சாதனத்தின் அளவுக்கு மின்சாரம் கேட்கும் பொருளாக மாற்றுகின்றன.

வோல்ற், அம்பியர், வாற்

மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். வோல்ற் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். அம்பியர் என்பது வயரில் ஓடும் அளவு. இரண்டையும் பெருக்கினால் வருவது வாற், அதாவது நடக்கும் வேலை.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நம்மிடையே பலர். அந்த டைனமோவில் 6 வோல்ற், 3 வாற் என்று எழுதியிருக்கும். கனடாவில் நாம் குளிருக்குப் போடும் சிறிய ஹீற்றர் 1500 வாற். அதை ஓட்ட அப்படியான 500 சைக்கிள்கள் வேண்டும். ஒரு சுவிட்சைத் தட்டுகிறோம் என்பதற்காக அது சிறிய விடயம் ஆகிவிடாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். இங்கே சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ற். அழுத்தம் ஏறக்குறையப் பாதி என்பதால் அதே வேலைக்கு ஓட்டம் இரண்டு மடங்காகிறது. 1500 வாற் கேத்தல் ஊரில் ஆறரை அம்பியர் இழுக்கும். இங்கே பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். வயரைச் சூடாக்குவது அம்பியர்தான். ஊரில் ஒரு பிளக்கில் பலதைச் செருகிய பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம்.

வீட்டில் இருப்பது வேறு, சுற்றில் இருப்பது வேறு

"எங்களுடைய வீட்டில் 100 அம்பியர் வருகிறது, போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். 100 அல்லது 200 அம்பியர் என்பது முழு வீட்டுக்கும் உரியது. குடும்பத்தின் மொத்த வருமானம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிரேக்கர் பெட்டியில் பல சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. அடுப்புக்கு ஒன்று, உடுப்புக் காயவைக்கும் டிரையருக்கு ஒன்று, சமையலறைக்குச் சில, அறைகளுக்குச் சில. வாடகைக்கு ஒதுக்கிய பணத்தில் மளிகைச் சாமான் வாங்க முடியாதது போல, ஒரு சுற்றின் பங்கை இன்னொரு சுற்று எடுக்க முடியாது.

படுக்கையறை, பேஸ்மென்ற் போன்ற இடங்களின் சாதாரண சுற்று 15 அம்பியர். 15ஐ 120ஆல் பெருக்கினால் 1800 வாற். அதுவே உச்ச எல்லை. மணிக்கணக்காக ஓடும் சுமையை இதன் 80 வீதத்துக்குள், அதாவது 12 அம்பியர் அல்லது 1440 வாற்றுக்குள் வைத்திருக்கவேண்டும்.

இன்னுமொரு விடயம் கவனிக்கவேண்டும். கனடிய மின் விதிகளின்படி ஒரே சுற்றில் லைற், பிளக் பொயின்ற் எல்லாமாக 12 வரை இருக்கலாம். ஆகவே பேஸ்மென்ற் சுவரில் உள்ள பிளக்கும் அடுத்த அறைப் பிளக்கும் மாடிப்படி லைற்றும் ஒரே பிரேக்கரில் இருக்கக்கூடும். சுவர் வேறு என்பதால் சுற்றும் வேறு என்று எண்ணக்கூடாது.

சிமுலேற்றரின் வரவு செலவு

ஒரு நடுத்தர சிமுலேற்றருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணினி: விளையாட்டு ஓடும்போது 400 வாற். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 போன்ற வரைகலை அட்டை மட்டும் 200 வாற் எடுக்கும்.
மூன்று திரைகள்: 120 வாற்.
ஸ்ரியறிங் மோட்டார்: 180 வாற். பனாரெக் நிறுவனத்தின் சிஎஸ்எல் டிடி என்ற மொடலுக்கு 90, 180 வாற் என இரண்டு வகை மின்வழங்கிகள் உண்டு. பெரியதைக் கணக்கில் எடுப்போம்.
ஒலி, அதிர்வு, சிறுசாமான்கள்: 60 வாற்.

இதுவரை 760 வாற். அடுத்து அசைக்கும் மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் 400 வாற் என்று எழுதியிருந்தால் நான்குக்கும் 1600 என்று பயந்துவிடுவோம். உண்மையில் அது உச்ச வலு. ஆள், இருக்கை, சட்டம் எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வைப்போம். அந்தப் பாரத்தை ஒரு செக்கனில் 10 சென்ரிமீற்றர் உயர்த்த ஏறக்குறைய 150 வாற் போதும். இரண்டு மடங்கு வேகத்தில் உயர்த்த 300 வாற். உராய்வு முதலிய இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். சட்டம் இறங்கும்போது மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே சராசரி 300 வாற் என்றும், எல்லா மோட்டாரும் ஒன்றாக வேலை செய்யும் கணங்களில் 1000 வாற் என்றும் வைத்துக்கொள்வோம்.

மொத்தம் சராசரியாக 1060 வாற், அதாவது 9 அம்பியருக்குச் சற்றுக் குறைவு. உச்சக் கணத்தில் 1760 வாற், 14.7 அம்பியர். சுற்றில் வேறு எதுவும் இல்லாவிட்டால் 15 அம்பியர் இதைத் தாங்கும்.

இப்போது அம்மம்மாவின் 1500 வாற் ஹீற்றரைச் சேருங்கள். சராசரியே 2560 வாற் ஆகிறது; 21 அம்பியருக்கு மேல். 15 அம்பியர் சுற்றில் 21 அம்பியர்! சிமுலேற்றரில் பிழை இல்லை, ஹீற்றரிலும் பிழை இல்லை. இரண்டு குடித்தனம் ஒரு சம்பளத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

கணினி பெரிதானால் கணக்கும் மாறும். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 அட்டை மட்டும் 575 வாற் வரை எடுக்கும். அப்படியான கணினியையும் அசையும் மோட்டார்களையும் ஆரம்பத்திலேயே வெவ்வேறு சுற்றுகளில் வைப்பது நல்லது.

ஏன் 20 நிமிடம் கழித்து?

பிரேக்கருக்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் அந்தக் கணமே துண்டிப்பவர். மற்றவர் பொறுமைசாலி. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு அவர். அளவுக்கு மேல் மின்சாரம் ஓட ஓட அந்தத் தகடு சூடேறி மெல்ல வளைந்து, கடைசியில் துண்டித்துவிடும். மிகை சிறிதானால் நேரம் எடுக்கும். பெரிதானால் விரைவில் விழும். ஹீற்றரும் குளிருக்கு ஏற்ப நின்று நின்று எரிவதால் எல்லாம் ஒன்றுசேர 20 நிமிடம் எடுத்திருக்கலாம்.

ஆகவே பிரேக்கர் விழுவது பழுது அல்ல. "சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகிறது" என்று அது நமக்குச் சொல்கிறது.

பெரிய பிரேக்கர் ஏன் கூடாது?

பிரேக்கர் சிமுலேற்றரைப் பாதுகாக்க வைத்தது அல்ல. வயரைப் பாதுகாக்க வைத்தது. 15 அம்பியர் சுற்றில் போடப்படுவது 14 கேஜ் செப்பு வயர். 20 அம்பியருக்கு அதைவிடத் தடித்த 12 கேஜ் வேண்டும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்.

பிரேக்கரை மாற்றுவதால் வயர் தடிக்காது. வயரில் உண்டாகும் சூடு அம்பியரின் வர்க்கத்தின்படி கூடுகிறது. 15க்குப் பதிலாக 20 அம்பியர் ஓடினால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. சூடோ 78 வீதம் கூடுகிறது. இந்தச் சூடு சுவருக்குள், மரச்சட்டங்களுக்கும் குளிர்காப்புப் பஞ்சுக்கும் நடுவில், பழைய இணைப்புகளில் தேங்கும். பிரேக்கர் விழாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். எச்சரிப்பவரை வேலையால் நிறுத்திவிட்டோம் என்பது தெரியாது. அந்த அறைக்கு அடுத்த அறையில் நடக்கக் கஷ்டப்படும் ஒரு முதியவர் படுத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் பிற்பகுதி வரை கட்டப்பட்ட சில வீடுகளில் செப்புக்குப் பதிலாக அலுமினிய வயர் உண்டு. நம்மவர்கள் வாங்கிய பழைய வீடுகள் பல அந்தக் காலத்தவை. அலுமினிய வயரின் இணைப்புகள் தளர்ந்து சூடேறக்கூடியவை என்பதால் அங்கே இன்னும் கூடிய கவனம் தேவை.

220 வோல்ற் என்று எழுதியிருந்தால்

மலிவாகக் கிடைக்கும் சில மோட்டார்த் தொகுதிகள் 220 வோல்ற்றுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. வாங்குமுன் பெட்டியில் உள்ள சிட்டையை வாசியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் இங்குள்ள சாதாரண பிளக்கில் ஓடும். 220 மட்டும் என்றால் ஓடாது.

சிலர் 120ஐ 240 ஆக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கிப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். டொலரை ரூபாயாக மாற்றினால் எண் கூடும், செல்வம் கூடாது. அதுபோல வோல்ற் கூடினாலும் சுவரிலிருந்து வருவது அதே 1800 வாற்றுக்கு மேல் போகாது. ட்ரான்ஸ்போமரின் இழப்பு, கொமிஷன் போல, வேறு கழியும்.

கனடிய வீடுகளில் 240 வோல்ற் ஏற்கனவே இருக்கிறது. அடுப்பும் டிரையரும் அதில்தான் ஓடுகின்றன. 240 வோல்ற்றில் 15 அம்பியர் சுற்று ஒன்றைத் தனியாகப் போட்டால் 3600 வாற் கிடைக்கும். ஆனால் டிரையரின் 30 அம்பியர் பிளக்கில் தாமாகவே மெல்லிய வயரைப் பூட்டி இழுப்பது ஆபத்து. மெல்லிய வயர் எரியத் தொடங்கினாலும் 30 அம்பியர் பிரேக்கர் பார்த்துக்கொண்டு இருக்கும்.

புதிய சுற்றும் அதைப் போடுபவரும்

கணக்குப் போதாவிட்டால் நேர்மையான தீர்வு இரண்டு. ஒன்று, ஹீற்றரை அல்லது சிமுலேற்றரை வேறு சுற்றுக்கு மாற்றுவது. இதற்குச் செலவு இல்லை. மற்றது, சிமுலேற்றருக்கென்று புதிய சுற்றுப் போடுவது. பெட்டியில் இடம் இருக்கிறதா, தூரம் எவ்வளவு, சுவர் மூடியதா என்பதைப் பொறுத்து விலை மாறும். இரண்டு மூன்று இடங்களில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

ஒன்ராறியோவில் பணம் கொடுத்து மின்வேலை செய்விப்பதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே கொடுக்கவேண்டும். நல்ல எலெக்ரீசியனாக ஒரு கொம்பனியில் வேலை செய்யும் நம்முடைய தம்பி ஒருவர் மாலைநேரத்தில் வந்து காசுக்குச் செய்வதும் இந்த விதிக்குப் புறம்பானது. அவர் கெட்டிக்காரர் இல்லை என்பதல்ல பொருள். ஒப்பந்தக்காரருக்குரிய உரிமமும் காப்புறுதியும் அந்த வேலைக்குப் பின்னால் இல்லை. உரிம எண்ணைக் கேட்டு, மின்பாதுகாப்பு அதிகாரசபையில் சரிபார்க்கலாம். வேலை பற்றி அந்தச் சபைக்கு அறிவித்தல் கொடுக்கப்படவேண்டும். சொந்த வீட்டில் தாமே வேலை செய்பவரும் அந்த அறிவித்தலைக் கொடுக்கவேண்டும். அந்தப் பத்திரங்களை வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போதும், ஏதும் நடந்தாலும், பேசப்போவது அந்தக் கடதாசிதான்.

வாடகைக்கு இருப்பவர்கள் பிரேக்கர் பெட்டியில் கைவைக்கவே கூடாது. வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்றால் இரண்டு குடும்பத்தின் சுமையும் ஒரே பெட்டியில் ஏறுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பில் எவ்வளவு வரும்?

இதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. உண்மையில் கவலை குறைந்த பகுதி இதுதான். ஒரு கிலோவாற் வீதம் வாரத்துக்கு 10 மணித்தியாலம் ஓட்டினால் வருடத்துக்கு 520 அலகு. ஓர் அலகு 15 சதம் என்று உதாரணத்துக்கு வைத்தால் 78 டொலர். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் இரவு 7 மணிக்குப் பிறகும் வார இறுதியிலும் கட்டணம் குறைவு.

கவனிக்காமல் விடுவது வேறொன்று. ஓட்டாத நேரத்திலும் கணினி, திரை, மோட்டார்ப் பெட்டிகள் விழித்தபடி 30 வாற் எடுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 247 அலகு, 37 டொலர். ஓட்டிய செலவில் ஏறக்குறையப் பாதி, ஓட்டாமலே போகிறது! முடிந்தவுடன் முழுவதையும் நிறுத்தப் பழக்குங்கள்.

இந்த இயந்திரம் இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகவே அறையில் தங்கும். 1060 வாற் என்பது ஒரு ஹீற்றரின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். மூடிய பேஸ்மென்ற் அறையில் கோடையில் இது தெரியும், காற்றோட்டம் வையுங்கள்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

முதலில் சுற்று வரைபடம் ஒன்று தயாரியுங்கள். ஒருவர் பெட்டியருகே, ஒருவர் கையில் மேசை விளக்கோடு. ஒவ்வொரு பிரேக்கராக நிறுத்தி, எந்தப் பிளக், எந்த லைற் அணைகிறது என்று தாளில் எழுதிப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். மூச்சுக் கருவி போன்ற மருத்துவச் சாதனம் எதையும் அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

பிளக்கில் செருகி வாற் பார்க்கும் சிறிய மீற்றர் வன்பொருள் கடைகளில் கிடைக்கும். சிட்டையில் இருப்பது உச்சம். மீற்றர் காட்டுவதே நடைமுறை.

பவர் பாரில் இன்னொரு பவர் பாரைச் செருகவேண்டாம். மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டவேண்டாம். ஹீற்றரை எப்போதும் நேரே சுவரில் செருகுங்கள். மூன்றாவது முள்ளை வெட்டவேண்டாம். மோட்டார்களுக்கு நிலத்தொடுப்பு அவசியம். கனடாவில் ஏற்கப்படும் சிஎஸ்ஏ போன்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனைப் பொத்தான் உள்ள புதிய வகைப் பிரேக்கர்கள் தீப்பொறி, மின்கசிவு ஆகியவற்றையும் கவனிப்பவை. மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் மின் இரைச்சலால் சுமை குறைவாக இருந்தாலும் அவை சிலசமயம் விழலாம். அதற்காக அவற்றைக் கழற்றிச் சாதாரண பிரேக்கர் போடுவதும் பிழை. தயாரிப்பாளரிடமும் எலெக்ரீசியனிடமும் வடிகட்டி பற்றிக் கேளுங்கள்.

ஓட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கவேண்டும். அது மோட்டார்களை மட்டும் நிறுத்தட்டும். பிரேக்கர் விழுந்தால், முதலில் சிமுலேற்றரை முழுவதும் அணைத்து, சட்டத்துக்கு அடியில் சிறுபிள்ளைகளின் கைகால் இல்லையென்று பார்த்து, பிறகே பிரேக்கரை மீண்டும் போடுங்கள்.

பிளக் சூடாக இருந்தாலோ, பழுப்பு நிறம் தெரிந்தாலோ, கருகிய மணம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். புகை எழுந்தால் எல்லாரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள். பேஸ்மென்ற் உட்பட ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பாருங்கள்.

பிள்ளைகளின் ஆசையை மறிக்கவேண்டும் என்பது என் எண்ணம் அல்ல. தெருவில் வேகமாக ஓட்டுவதைவிடப் பேஸ்மென்ரில் ஓட்டுவது எவ்வளவோ மேல். விலைப்பட்டியலில் சிமுலேற்றருக்குக் கீழே "தனிச் சுற்று" என்று இன்னொரு வரியையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்த வரிக்குப் பணம் சேரும்வரை, ஹீற்றர் ஓடும் சுற்றில் பந்தயம் வேண்டாம்.

சுற்று வரைபடம் எழுதும்போது சந்தேகம் வந்தால் நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். கூட்டல் பெருக்கலுக்கு நான் இருக்கிறேன். வயர் வேலைக்கு உரிமம் பெற்றவரை அழையுங்கள்.